நக்கல் இருக்கட்டும், தாயை இழுக்காதீர்கள்: திருகோணமலை விளையாட்டுக் கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கழக நிர்வாகிகளே, பயிற்றுவிப்பாளர்களே, சுற்றுப்போட்டி ஒழுங்கமைப்பாளர்களே, மத்தியஸ்தர்களே,

வணக்கம்.

நான் உவர்மலையில் வசிக்கிறேன். பாடசாலைக் காலத்தில் வலைப்பந்தாட்டம் விளையாடியவள். இப்போது என் மகன் ஒரு கழகத்தின் இளைஞர் அணிக்குக் கோல் காக்கிறான். மகள் பாடசாலையில் வலைப்பந்தும், தடியால் பந்தடித்து ஓடுகிற எல்லேயும் விளையாடுகிறாள். ஏகாம்பரம் மைதானம், மக்கெய்சர் அரங்கு, கிண்ணியா, மூதூர், நிலாவெளி என்று போட்டி நடக்கிற இடமெல்லாம் கோட்டுக்கு வெளியே நிற்கிற தாய்மாரில் நானும் ஒருத்தி. உங்களில் பலருக்கு என் முகம் பழக்கம்.

மைதானத்தில் பிள்ளைகள் பேசுகிற பேச்சைப் பற்றித்தான் இந்த மடல். எதிராளியைச் சீண்டுகிற, நக்கலடிக்கிற, கவனத்தைக் குழப்புகிற பேச்சு. அது ஒரு போட்டிக்கு உயிர் கொடுப்பதையும் பார்த்திருக்கிறேன். ஒரு பிள்ளை சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு இனி விளையாடப் போவதில்லை என்று சொல்வதையும் பார்த்திருக்கிறேன். எது வரைக்கும் போகலாம் என்று பெரியவர்கள் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதனால் ஒவ்வொரு பெடியனும் தனக்கு வசதியான இடத்தில் கோட்டைப் போட்டுக்கொள்கிறான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மைதானத்தில் வாயே திறக்கக்கூடாது என்று கேட்க நான் வரவில்லை. அப்படி ஒரு விளையாட்டை எனக்குப் பார்க்கப் பிடிக்காது. கிளித்தட்டு விளையாடி வளர்ந்தவர்கள் நாங்கள். தட்டுக் கோட்டில் நிற்கிறவளைப் பார்த்து "என்னடி, கால் மண்ணுக்குள்ள புதைஞ்சு போச்சோ" என்று கேட்காமல் எந்தத் தட்டைத் தாண்டினோம்? மட்டக்களப்புப் பக்கத்துக் கண்ணகி அம்மன் கோயில்களில் கொம்புமுறி விளையாட்டு என்று ஒன்று இருக்கிறது. ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றில் ஒன்று கொளுவிக் கயிறு கட்டி இரண்டு பக்கமும் இழுப்பார்கள். எந்தப் பக்கத்துக் கொம்பு முறிகிறதோ அந்தப் பக்கம் தோற்றது. அந்த விளையாட்டில் ஒரு சேரி மற்றச் சேரியை ஏசிப் பாடும். அம்மன் வாசலில், ஊருக்கு நலம் வேண்டிச் செய்கிற ஒரு சடங்கில், நக்கலுக்கென்று ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே சீண்டல் பேச்சு வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நல்ல சீண்டலுக்கு எங்களுடைய நாட்டிலேயே மிகச் சிறந்த உதாரணம் இருக்கிறது. 2003 கிரிக்கெட் உலகக் கிண்ணம், மார்ச் 3, டேர்பன். தென்னாபிரிக்காவுக்கு அது வாழ்வா சாவா என்கிற ஆட்டம், அதுவும் சொந்த மண்ணில். அணித்தலைவர் ஷோன் பொல்லொக் துடுப்போடு உள்ளே வருகிறார். விக்கெட்டுக்குப் பின்னால் நிற்கிற குமார் சங்கக்கார தன் அணிக்காரருக்குச் சொல்வது போலப் பேசத் தொடங்குகிறார். தலைவருக்கு எவ்வளவு அழுத்தம் பாருங்கள், தவறினால் முழு நாட்டையும் கைவிட்டதாகிவிடும், 42 மில்லியன் பேர் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரே மூச்சில். ஸ்டம்பில் இருந்த ஒலிவாங்கி அத்தனையையும் பிடித்துக்கொண்டது. பின்னால் பொல்லொக் ரன் அவுட் ஆனார், ஆட்டம் சமநிலையில் முடிந்தது, தென்னாபிரிக்கா வெளியேறியது. அதற்குச் சங்கக்காரவின் வாய்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். மழையும், மழை குறுக்கிட்டால் இலக்கைத் திருத்துகிற டக்வர்த் லூயிஸ் கணக்கை அவர்கள் தவறாகப் புரிந்துகொண்டதும்தான் காரணம். ஆனால் அந்தப் பேச்சைத் திரும்பக் கேட்டுப் பாருங்கள். ஒரு கெட்ட வார்த்தை இல்லை. பொல்லொக்கின் வீட்டார் இல்லை, நிறம் இல்லை, சமயம் இல்லை. அந்த நிமிடத்தில் அவருடைய தோளில் உண்மையிலேயே இருந்த பாரத்தை எடுத்து அவருக்கே காட்டினார், அவ்வளவுதான்.

அதே வருடம், அதற்கு இரண்டு மாதத்துக்குள் முன்னர், ஜனவரியில் பிரிஸ்பேனில் நடந்தது வேறு. இலங்கைக்கு எதிரான ஒருநாள் போட்டியில் ரன் அவுட் ஆகித் திரும்பிய அவுஸ்திரேலிய வீரர் டரன் லீமன், எங்கள் வீரர்களின் தோல் நிறத்தை இழுத்து ஒரு வார்த்தை கத்தினார். இலங்கை அணியின் உடைமாற்றும் அறைக்கு அது கேட்டது. ஐந்து ஒருநாள் போட்டிகளுக்குத் தடை வந்தது. சங்கக்கார பேசியது ஆட்டத்தைப் பற்றி. லீமன் கத்தியது ஒரு மனிதன் பிறந்த விதத்தைப் பற்றி. என் மகன் கேட்டபோது நான் இந்த இரண்டையும்தான் சொல்லிக் கொடுத்தேன்: அவன் பந்தோடு என்ன செய்கிறான் என்பதை எவ்வளவும் நக்கலடி. அவன் யார், யாருடைய பிள்ளை, எந்த ஊர், எந்தப் பள்ளி, எந்தக் கோயில் என்பதைத் தொடாதே.

இனி இந்த மடலை எழுத வைத்த சம்பவத்துக்கு வருகிறேன். கழகங்களின் பெயர் வேண்டாம். அன்று இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

இளைஞர் ஆட்டம், இரண்டாம் பாதி. என் மகனின் கோல் கம்பத்துக்குப் பின்னால் எதிர்க் கழகத்து ஆதரவாளர்கள் இருபது முப்பது பேர். முதலில் வந்ததெல்லாம் நல்ல பகிடி. "கையில எண்ணெய் பூசிக்கொண்டு வந்திருக்கிறான்", "இந்தா, இப்ப காலுக்குள்ளால விடப்போறான் பார்." நானும் சிரித்தேன். அவனும் ஒருமுறை திரும்பிப் பார்த்துச் சிரித்தான். பிறகு அவன் ஒரு பெனால்டியைத் தடுத்தான். பின்னாலிருந்து வந்த சத்தம் மாறிப்போனது. தாயைச் சொன்னார்கள். நான் இருபது அடி தள்ளி நிற்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நிறுத்தியிருப்பார்களோ என்னவோ. அப்புறம் எங்கள் அணியில் இருந்த ஒரு பின்வரிசைப் பையன் திருப்பிக் கொடுத்தான், அவர்களுடைய சமயத்தை இழுத்து. அந்தச் சொற்களை நான் இங்கே எழுதப் போவதில்லை. மைதானத்துக்கு வருகிற எல்லோருக்கும் அவை தெரியும். இரண்டு நிமிடத்தில் கோல் கம்பத்தடி அடிதடியானது. ஒரு பிள்ளையின் புருவம் கிழிந்து தையல் போட வேண்டியதாயிற்று. ஆட்டம் இடையில் நின்றது. அதன்பின் இரண்டு கழக நிர்வாகமும் விவாதித்தது புள்ளியை யாருக்குக் கொடுப்பது என்பதைத்தான்.

புள்ளியைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஆனால் அந்த நாளில் இருந்து எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது, அண்ணன்மாரே. ஏன் எப்போதும் எங்களை இழுக்கிறீர்கள்? மைதானத்தில் கேட்கிற தூஷணத்தை ஒரு நாள் கவனமாகக் கேளுங்கள். விளையாடுவது ஆண் பிள்ளைகள், பிழை விடுவது ஆண் பிள்ளைகள், கோபப்படுவதும் ஆண் பிள்ளைகள். ஆனால் அசிங்கப்படுவது ஒருவனின் தாய், இன்னொருவனின் அக்கா. அந்தப் பெண் வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருப்பாள். அல்லது என்னைப் போல, தண்ணீர்ப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நிற்பாள். 2006 உதைபந்தாட்ட உலகக் கிண்ண இறுதியாட்டத்தின் 110வது நிமிடத்தில் பிரான்ஸின் ஸினடின் ஸிடான் இத்தாலியின் மட்டராஸியைத் தலையால் முட்டியதை உலகமே பார்த்தது. அதற்கு முன் மட்டராஸி அவருடைய சகோதரியை இழுத்துப் பேசியதை மட்டராஸியே பின்னர் ஒத்துக்கொண்டார். ஸிடானுக்கு மூன்று போட்டித் தடை. மட்டராஸியின் வாய்க்கு இரண்டு போட்டித் தடை. இத்தாலி கிண்ணத்தை வென்றது என்பதும் உண்மைதான். இப்படிப்பட்ட பேச்சு சில நேரம் வேலை செய்யும் என்பதை நான் மறைக்கவில்லை. வேலை செய்கிறது என்பதற்காக எங்கள் பெயரை எடுக்கிற உரிமை உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இது எங்கள் ஊருக்கே உரியது. அதைச் சொல்லுமுன் ஒரு கிரிக்கெட் கதை.

2003 மே மாதம், அன்ரிகுவாவில் டெஸ்ட் போட்டி. மேற்கிந்தியத் தீவுகள் 418 ஓட்டங்களைத் துரத்துகிறது. அவுஸ்திரேலியப் பந்துவீச்சாளர் கிளென் மெக்ராத், துடுப்பெடுத்தாடிய ராம்நரேஷ் சர்வானிடம் ஆபாசமாக ஒன்று சொன்னார். சர்வான் மெக்ராத்தின் மனைவியை இழுத்துப் பதில் சொன்னார். மெக்ராத் வெடித்துப்போனார். ஏனென்றால் அவருடைய மனைவி ஜேன் அந்தக் காலத்தில் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். சர்வானுக்கு அது தெரியாது. மேற்கிந்தியத் தீவுகள் அந்த 418ஐ எட்டி டெஸ்ட் வரலாற்றுச் சாதனை படைத்தது, சர்வான் சதம் அடித்தார். ஆனாலும் அந்தப் போட்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் நினைப்பது அந்த வாய்த்தர்க்கத்தைத்தான். ஜேன் 2008இல் இறந்துபோனார்.

இப்போது எங்கள் மாவட்டத்தை யோசித்துப் பாருங்கள். முப்பது வருடப் போர். 2004 டிசம்பர் 26 கடல். சம்பூரில், மூதூரில், கிண்ணியாவில், குச்சவெளியில், நகரத்துக் கரையோரத்தில் எந்த வீட்டில் யார் இல்லை என்று எதிர் அணிப் பையனுக்கு எப்படித் தெரியும்? "உன்ர அப்பன் எங்கடா" என்று ஒருவன் விளையாட்டாகக் கேட்கிறான். கேட்கப்பட்டவனின் குடும்பம் காணாமல் போன ஒருவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கலாம். இன்று விளையாடுகிற பிள்ளைகளில் பலர் அந்த நாட்களைக் கண்டவர்கள் இல்லை. அவர்களுடைய வீடு கண்டிருக்கிறது. வேறு ஊர்களில் தாய் தகப்பனை இழுப்பது வெறும் தூஷணமாகப் போகலாம். இங்கே அது ஆறாத ஒன்றில் விரலை விடுவது.

இனத்தையும் சமயத்தையும் பற்றியும் பேசியே ஆக வேண்டும். தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒரே மைதானத்தில் இறங்குகிற மாவட்டம் இது. அதில் எனக்குப் பெருமை. என் மகனின் மிக நெருங்கிய நண்பன் கிண்ணியா அணிக்கு விளையாடுகிறவன்; ஒரு போட்டியில் மோதித்தான் அறிமுகமானார்கள். ஆனால் தமிழ் அணியும் முஸ்லிம் அணியும் மோதும்போது இரண்டு பக்கமும் ஒரே மொழி. ஒரு சொல்லும் வீணாகப் போகாது, எல்லாம் நேரே போய்த் தைக்கும். சிங்கள அணியோடு மோதும்போது நடப்பது வேறு: மத்தியஸ்தருக்கு விளங்காத மொழியில் ஏசிவிட்டுத் தப்பிக்கொள்வார்கள். இதை எங்கள் பக்கத்துப் பெடியளும் செய்கிறார்கள், அவர்கள் பக்கத்திலும் செய்கிறார்கள்.

முத்தையா முரளிதரனை 1995 பொக்ஸிங் டே டெஸ்டில் மெல்பேர்னில், பந்தை வீசாமல் எறிகிறார் என்று சொல்லி நோ போல் அறிவித்த நாளில் இருந்து, அவுஸ்திரேலியாவில் அவர் பந்து வீசினால் கூட்டம் நோ போல் என்று கத்தும். 2004இல் அந்த நாட்டின் பிரதமரே அவர் பந்தை எறிகிறார் என்று சொன்னார். முரளி அந்த வருட அவுஸ்திரேலியப் பயணத்துக்குப் போகவில்லை. அப்போது இங்கே எல்லோருக்கும் வலித்தது. எங்கள் ஒழுங்கையில் மூன்று சமூகத்து ஆட்களும் ஒரே கோபத்தில் இருந்தார்கள். ஒரு கூட்டம் சேர்ந்து நின்று ஒரு தனி ஆளைக் குத்துவது எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் பக்கத்து ஊர்ப் பிள்ளைக்கு அதையே செய்கிறோம்.

சில பயிற்றுவிப்பாளர்கள் என்னிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அக்கா, இது ஆம்பிளைப் பிள்ளையளின்ர விளையாட்டு. மனசு உறுதி வேணும். இதையும் தாங்கினால்தான் மேல போவான்." மன உறுதி வேண்டும் என்பது சரி. அதற்கு வழியும் இருக்கிறது. என் மகன் அர்ஜென்டீனாவின் கோல் காப்பாளர் எமிலியானோ மார்ட்டினஸின் விசிறி. 2021 கோப்பா அமெரிக்கா அரையிறுதியில் கொலம்பியாவுக்கு எதிரான பெனால்டிகளில் மார்ட்டினஸ் உதைக்க வந்த வீரர்களிடம் பேசிப் பேசியே மூன்றைத் தடுத்தார். கொரோனாக் காலம், அரங்கில் கூட்டமில்லை, பேசியதெல்லாம் தொலைக்காட்சியில் தெளிவாகக் கேட்டது. பதற்றமாக இருக்கிறாய், எனக்குத் தெரிகிறது, உன்னைச் சாப்பிடப்போகிறேன் என்பது போலத்தான் அவர் பேசினார். அதற்குப் பின்னால், 2023இல், உதைபந்தாட்ட விதியை இயற்றுகிறவர்கள் பெனால்டி உதைப்பவரை நியாயமில்லாமல் குழப்பும்படி கோல் காப்பாளர் நடக்கக்கூடாது, உதையைத் தாமதிக்கவோ கம்பத்தையும் வலையையும் தொடவோ கூடாது என்று எழுதி வைத்தார்கள். அதாவது எது வரைக்கும் என்று உலக மட்டத்திலேயே ஓயாமல் யோசிக்கிறார்கள். நீங்களும் பயிற்சியில் பெனால்டி அடிக்கும்போது மற்றப் பிள்ளைகளைச் சுற்றி நிறுத்திக் கத்த விடுங்கள். "வலப்பக்கம்தான் அடிப்பான், அவனுக்கு இடக்கால் வராது" என்று சொல்லட்டும். அதைத் தாங்கப் பழகினால் போதும். தாயை ஏசினால் தாங்க வேண்டும் என்று எந்தப் பிள்ளைக்கும் பயிற்சி கொடுக்காதீர்கள். அதைத் தாங்கிப் பழகிய பிள்ளை பிறகு வேறு எதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்பான் என்று நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

எதிராளியை ஏசினால் அவன் குழம்பித் தோற்பான் என்ற கணக்கும் முழுக்கச் சரியில்லை. 2018இல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூவர் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். சீண்டப்பட்டவர்கள் வெறும் முயற்சி போதுமான வேலையில் முன்னைவிட அதிகம் உழைத்தார்கள். புதிதாக யோசிக்க வேண்டிய வேலையில் பின்தங்கினார்கள். ஏமாற்றி வெல்லவும் கூடுதலாகத் துணிந்தார்கள். எங்கள் மைதானத்துக்கு இதைக் கொண்டுவந்தால், உங்கள் பையன் ஏசிய பின்வரிசைக்காரன் அடுத்த பந்துக்கு இன்னும் வேகமாக ஓடி வருவான், மத்தியஸ்தர் பார்க்காத நேரம் முழங்காலைத் தேடியும் வருவான்.

குத்துச்சண்டை வீரர் முகமது அலியைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது, ஏனென்றால் பெடியள் எல்லோரும் அவரைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். 1974இல் ஜோர்ஜ் ஃபோர்மனோடு மோதுவதற்கு முன் அலி பேசிய பேச்சு ஒரு கலை. தன் வேகத்தைப் பாடினார், வளையத்துக்குள்ளேயும் காதோடு பேசிக்கொண்டே அடி வாங்கி, எட்டாவது சுற்றில் வீழ்த்தினார். அடுத்த வருடம் மணிலாவில் ஜோ ஃப்ரேஸியரோடு மோதுவதற்கு முன் அவரைக் கொரில்லா என்றார், ஒரு கொரில்லாப் பொம்மையைக் கையில் வைத்துக் குத்திக் காட்டினார். அலியிடமிருந்து பட்டத்தையும் அனுமதிப்பத்திரத்தையும் பறித்து வைத்திருந்த காலத்தில் அவருக்காகக் குரல் கொடுத்தவர் ஃப்ரேஸியர். ஒரு கறுப்பு மனிதன் இன்னொரு கறுப்பு மனிதனை உலகத்தின் முன்னால் அப்படி அழைத்ததை ஃப்ரேஸியரால் பல பத்தாண்டுகளுக்கு மறக்க முடியவில்லை. 2001இல் அலி பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். கால் நூற்றாண்டுக்குப் பிறகு. அலியைக் காட்டிப் பேசுகிற பிள்ளைகளுக்கு அந்தப் பாதியையும் சொல்லுங்கள்.

சரி, என்ன செய்ய வேண்டும்? புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. உதைபந்தாட்ட விதிகளில் 12வது விதியை எடுத்துப் பாருங்கள். அவமதிக்கிற, ஏசுகிற மொழிக்குச் சிவப்பு அட்டை. விளையாட்டின்போது எதிராளியைப் பேச்சால் குழப்பினாலே மஞ்சள் அட்டை காட்டலாம். 2019இல் இருந்து பயிற்றுவிப்பாளருக்கும் அட்டை காட்ட முடியும். கிரிக்கெட்டில், விதிகளை வகுக்கிற எம்சிசி கழகம் 2017இல் கொண்டுவந்த 42வது விதி இருக்கிறது: ஆபாசமாகவோ அவமதித்தோ பேசினால் முதல் தடவை அணிக்கு எச்சரிக்கை, மறுபடி நடந்தால் எதிரணிக்கு 5 ஓட்டங்கள், அவமதிப்பு கடுமையானால் எச்சரிக்கை இல்லாமலே 5 ஓட்டங்கள். எங்கள் மென்பந்துச் சுற்றுப்போட்டிகளில் பல ஐந்து ஓவர், ஆறு ஓவர் ஆட்டங்கள். அதில் 5 ஓட்டம் என்றால் ஆட்டமே அதுதான். ஒரே ஒரு தடவை கொடுத்துப் பாருங்கள். அடுத்த ஆட்டத்தில் வாய் நீள்கிற பெடியனை அவனுடைய அணித்தலைவனே அடக்குவான். ஆனால் நான் பார்த்த எந்தச் சுற்றுப்போட்டியின் விதிமுறைத் தாளிலும் இது இல்லை. நுழைவுக் கட்டணமும் பரிசுத் தொகையும் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும்.

மத்தியஸ்தர்களே, உங்கள் நிலை எனக்கு விளங்குகிறது. சிவப்பு அட்டை காட்டினால் கூட்டம் உங்கள் மேல் பாயும், அன்று மாலை அதே பேருந்தில்தான் நீங்களும் வீடு போக வேண்டும். அதனால்தான் காதில் விழாதது போல நிற்கிறீர்கள். உங்களைத் தனியே நிறுத்தியது கழகங்களின் குற்றம். நாணயச் சுழற்சிக்கு முன் இரண்டு அணித்தலைவர்களையும் பயிற்றுவிப்பாளர்களையும் நிறுத்தி, எது பகிடி, எதற்கு அட்டை என்று எல்லோர் முன்னிலையிலும் நீங்கள் சொல்லிவிட்டால், பிறகு காட்டுகிற அட்டைக்கு அவர்களும் பொறுப்பாளிகள். சிங்கள அணி வருகிற ஆட்டத்துக்கு இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் கோட்டோரம் நிற்கட்டும். 2024 மே மாதம் பாங்கொக்கில் கூடிய உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபிஃபாவின் மாநாடு ஒரு சைகையை ஏற்றுக்கொண்டது: இனத்தை இழுத்து ஏசப்பட்ட வீரர் இரண்டு மணிக்கட்டையும் குறுக்காக வைத்து மத்தியஸ்தருக்குக் காட்டலாம். முதலில் ஆட்டம் நிறுத்தப்படும். தொடர்ந்தால் வீரர்கள் வெளியே அழைக்கப்படுவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஆட்டம் கைவிடப்படும். மொழி தெரியாத மத்தியஸ்தருக்கும் விளங்குகிற சைகை. உலகத்தில் வேறு எந்த மைதானத்தையும்விட எங்களுக்கு இது பொருந்தும். நாளைக்கே பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுக்கலாம், ஒரு சதம் செலவில்லை.

ஒலிபெருக்கி பிடிக்கிற தம்பிமாருக்கும் ஒன்று. நீங்கள் பேசுவது கேட்க ஆசையாக இருக்கும். பிடியைத் தவறவிட்டவனை "நேற்று நண்டு பிடிக்கப் போனவர், கை இன்னும் வழுக்குது" என்று சொன்னபோது முழு மைதானமும் சிரித்தது, பிடியை விட்டவனும் சிரித்தான். அந்தத் திறமை உங்களிடம் இருக்கிறது. கூட்டம் எல்லை மீறுகிற நேரம் அதே ஒலிவாங்கியால் அடக்கவும் உங்களால் முடியும். முகநூலில் நேரலை போடுகிறவர்கள் கீழே வருகிற தூஷணக் கருத்துகளை அன்றிரவே அழித்துவிடுங்கள். மைதானத்தில் கத்தியது காற்றோடு போகும், அது போகாது. என் மகளின் வகுப்பில் ஒரு பிள்ளை அதை வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

மகளைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டும். பெண் பிள்ளைகள் விளையாடும்போது வேலிக்கு வெளியே நிற்கிற ஆண்கள் சொல்வதைச் சீண்டல் என்று நான் எண்ணவே மாட்டேன். உடம்பைப் பற்றி, காற்சட்டையைப் பற்றிப் பேசுவதற்கும் விளையாட்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அங்கே அட்டையும் வேண்டாம், எச்சரிக்கையும் வேண்டாம். ஆளை வெளியே அனுப்புங்கள். எங்கள் மாவட்டத்தில் பெண்கள் அணிகள் எண்ணிக்கையில் குறைவு. எத்தனை தகப்பன்மார் ஒரு மாலை நேரம் அந்த வேலியடியில் நின்று கேட்டுவிட்டு, அடுத்த நாள் பிள்ளையை அனுப்பாமல் விட்டார்கள் என்பது உடற்கல்வி ஆசிரியைகளுக்குத் தெரியும்.

தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, பெருநாள் என்று சுற்றுப்போட்டிகள் வரிசையாக வரும். அதற்கு முன் நீங்கள் ஒழுங்கமைப்புக் கூட்டம் போடுவீர்கள். அந்தக் கூட்டத்தில் இந்த விடயத்தை ஒரு தடவை எடுங்கள். விதிமுறைத் தாளில் இரண்டு வரி சேருங்கள், தமிழிலும் சிங்களத்திலும். வீரர்கள் கையெழுத்துப் போடுகிற படிவத்தில் அந்த இரண்டு வரியும் இருக்கட்டும். தாய்மார் நாங்கள் சிலர் இதைப் பற்றிப் பேசியிருக்கிறோம். கிண்ணியாவில் இருந்து இரண்டு பேர், நகரத்தில் இருந்து நான்கைந்து பேர். கூட்டத்துக்கு அழைத்தால் வருவோம். கோட்டுக்கு வெளியே என்ன கேட்கிறது என்று உங்களுக்குச் சொல்ல எங்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. எங்கே, எத்தனை மணிக்கு என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு கோல் காப்பாளனின் தாய்,
உவர்மலை, திருகோணமலை.